சந்திரகிரிக் கோட்டையும் ஸ்ரீவாரி மெட்டும்: இரண்டு நாள் பயணத்தைத் திட்டமிடல்

திருப்பதிக்குச் செல்லும் தமிழ்ப் பயணிகளில் பெரும்பாலோர் சந்திரகிரியை மிச்ச நேரத்து இடமாகவே கருதுகின்றனர். தரிசனம் முடிந்து ரயிலுக்குச் சில மணி நேரம் இருந்தால் கோட்டையை எட்டிப் பார்ப்பதும், இல்லையென்றால் அடுத்த முறைக்கு ஒத்திவைப்பதும் வழக்கமாகிவிட்டது. இவ்வத்தியாயம் அந்த வரிசையை மாற்றி அமைக்கிறது. விஜயநகரப் பேரரசின் கடைசித் தலைநகரங்களுள் ஒன்றான சந்திரகிரிக் கோட்டையையும், அதற்குச் சில கிலோமீட்டர் தொலைவிலிருந்து திருமலைக்கு ஏறும் ஸ்ரீவாரி மெட்டு என்னும் படிவழியையும் ஒரே இடத்தின் இரு பகுதிகளாகக் கொண்டு, முதல் நாள் கோட்டைக்கும் இரண்டாம் நாள் படிகளுக்கும் ஒதுக்கும் திட்டம் இங்கே விளக்கப்படுகிறது. மெட்டு என்னும் தெலுங்குச் சொல்லுக்குப் படி என்று பொருள். ஸ்ரீவாரு என்பது திருமலைப் பெருமாளைத் தெலுங்கர் குறிக்கும் மரியாதைச் சொல்.

மலையுச்சியில் கைவிடப்பட்ட அரச நகரம், அதற்கு ஏறிச் செல்லும் கற்படி வழி என்றால் இன்றைய வாசகருக்கு உடனே நினைவுக்கு வருவது பெரு நாட்டிலுள்ள மச்சு பிச்சு. இன்கா அரசர் பச்சகுட்டியின் காலத்தில், 15ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், அது எழுப்பப்பட்டபோது சந்திரகிரியில் சாளுவ நரசிம்மர் அதிகாரம் செலுத்தத் தொடங்கியிருந்தார். ஒற்றுமை அந்த நூற்றாண்டோடு முடிவதில்லை. ஸ்பானியரிடம் கூஸ்கோ நகரை இழந்த இன்கா அரச குலம் வில்கபாம்பா மலைகளுக்குள் ஒதுங்கி 1572 வரை தாக்குப்பிடித்ததைப் போலவே, 1565இல் தலைக்கோட்டைப் போரில் தோற்று ஹம்பியை இழந்த விஜயநகர அரச குலமும் பெனுகொண்டா, சந்திரகிரி, வேலூர் என்று அரண்களைத் தேடி நகர்ந்துகொண்டே இருந்தது. பேரரசு சரியத் தொடங்கினால் மலையைத் தேடி ஓடுவது இரு கண்டங்களிலும் ஒரே வகையில் நடந்திருக்கிறது.

பயணத் திட்டம் என்று வரும்போது இரண்டும் வெகுவாக வேறுபடுகின்றன. மச்சு பிச்சுவுக்குச் செல்பவர் நாளும் நேரமும் குறித்த நுழைவுச்சீட்டை முன்கூட்டியே பெற வேண்டும். அங்கு செல்லும் இன்கா நடைவழியில் வழிகாட்டிகளையும் சுமைதூக்குவோரையும் சேர்த்தே நாளொன்றுக்கு 500 பேருக்கு மட்டும் அனுமதி உண்டு, பிப்ரவரி மாதம் முழுவதும் வழி மூடப்படும், கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,400 மீட்டர் உயரத்திலுள்ள கூஸ்கோவில் மூச்சுத் திணறலுக்கும் உடலைப் பழக்க வேண்டும். சந்திரகிரியில் இவற்றில் எதுவுமில்லை. இங்கு பயணியின் திட்டத்தைக் கட்டுப்படுத்துவன மூன்றே: அருங்காட்சியகத்தின் வெள்ளிக்கிழமை விடுமுறை, ராயலசீமையின் வெயில், திருமலையில் கிடைக்கும் தரிசன நேரம். இவற்றுள் மூன்றாவதே மற்ற இரண்டையும் இழுத்துச் செல்வதால், முதலில் அதையே உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

நாளைத் தேர்ந்தெடுத்தல்

திருமலை திருப்பதி தேவஸ்தானம் 300 ரூபாய் சிறப்பு நுழைவு தரிசனச் சீட்டுகளைத் தன் இணையதளத்தில் ஏறத்தாழ மூன்று மாதங்களுக்கு முன்பே வெளியிடுகிறது. வெளியான சில நிமிடங்களில் வார இறுதி நாள்கள் தீர்ந்துவிடுவது வாடிக்கை. எனவே செவ்வாய், புதன், வியாழன் ஆகிய நாள்களில் ஒன்றைத் தரிசனத்துக்குக் குறித்துக்கொண்டு, அதற்கு முந்தைய நாளைக் கோட்டைக்கு வைத்துக்கொள்வது நல்லது. சனிக்கிழமை தரிசனம் வாய்த்தவருக்கு முந்தைய நாள் வெள்ளி என்பதால், அவர் கோட்டையை வியாழக்கிழமைக்கு முன்தள்ள வேண்டியிருக்கும். இதைக் கவனியாமல் வந்து, அருங்காட்சியகம் அமைந்துள்ள ராஜ மகால் என்னும் அரண்மனையின் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்புவோர் எப்போதும் உண்டு. நடந்து ஏறி வருவோருக்குத் தனி அனுமதிச்சீட்டு வழங்கும் முறையும் தேவஸ்தானத்தில் இருந்து வருகிறது. ஆயினும் அதை வழங்கும் இடம், எண்ணிக்கை, அடையாளச் சான்று ஆகியவற்றைப் பற்றிய விதிகள் அடிக்கடி மாற்றப்படுவதால், அதை மட்டுமே நம்பித் திட்டமிடாமல், புறப்படும் வாரத்தில் தேவஸ்தானத்தின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்வதே முறை.

பருவத்தைப் பொறுத்தவரை நவம்பர் பிற்பகுதி முதல் பிப்ரவரி வரையிலான காலம் ஏற்றது. ஏப்ரல், மே மாதங்களில் வெப்பம் 40 பாகை செல்சியசைத் தாண்டும். கோட்டையின் பெரும்பகுதி நிழலற்ற திறந்த வெளி என்பதால், அம்மாதங்களில் செல்பவர் காலை 11 மணிக்குள் வெளிப்புறச் சுற்றை முடித்துவிட வேண்டும். ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை மலைச்சரிவுகளில் தானாக வளர்ந்து கிடக்கும் சீத்தா மரங்கள் காய்க்கும். சாலையோரத்தில் கூடைகளில் குவித்து விற்கப்படும் அந்தப் பழத்துக்காகவே மழையைப் பொருட்படுத்தாமல் வருபவர்களைக் குறைசொல்ல முடியாது. ஆனால் வடகிழக்குப் பருவமழை இம்மலைகளில் விளையாட்டல்ல. 2021 நவம்பரில் பெய்த பெருமழையில் ஸ்ரீவாரி மெட்டு வழியே பெருமளவு சிதைந்து, செப்பனிடப்பட்டு, 2022 மே மாதத்தில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. புயல் எச்சரிக்கை உள்ள வாரத்தில் பயணத்தைத் தள்ளிவைக்க வேண்டும்.

தமிழ்நாட்டினருக்குத் தனியே சொல்ல வேண்டியது புரட்டாசி மாதம். சனிக்கிழமை விரதத்தோடு திருமலைக்குச் செல்லும் வழக்கத்தாலும் பிரம்மோற்சவத்தாலும் அம்மாதத்தில் திருப்பதி நிரம்பி வழிகிறது. பக்தி நோக்கில் அதுவே உகந்த காலமாக இருக்கலாம், கோட்டையையும் படிவழியையும் நிதானமாகப் பார்க்க விரும்புவோருக்கு அன்று. வைகுண்ட ஏகாதசியை ஒட்டிய நாள்களும் அத்தகையவை. 2025 ஜனவரி 8 அன்று திருப்பதியில் வைகுண்ட வாயில் தரிசனச் சீட்டுக்காகக் கூடிய நெரிசலில் 6 பேர் உயிரிழந்ததை நினைவில் கொண்டால், கூட்டத்தைத் தவிர்ப்பது சௌகரியத்துக்காக மட்டுமல்ல என்பது விளங்கும்.

சென்றடையும் வழி

இணைய வரைபடத்தில் சந்திரகிரி என்று மட்டும் தேடினால் கர்நாடகத்தின் சரவணபெளகுளத்திலுள்ள சந்திரகிரிக் குன்றும், கேரளத்தின் காசர்கோட்டருகே உள்ள சந்திரகிரிக் கோட்டையும் சேர்ந்தே தோன்றும். இங்கே பேசப்படும் சந்திரகிரி, திருப்பதி நகருக்கு மேற்கே ஏறத்தாழ 12 கிலோமீட்டரில், சுவர்ணமுகி ஆற்றையொட்டி உள்ளது. 2022 ஏப்ரல் 4 வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்த இவ்வூர், அன்று உருவாக்கப்பட்ட திருப்பதி மாவட்டத்தில் சேர்க்கப்பட்டது. பழைய வழிகாட்டி நூல்களில் சித்தூர் மாவட்டம் என்றே காணப்படும்.

வேலூர், காட்பாடிப் பக்கத்திலிருந்து வருபவருக்கு ஒரு வசதி உண்டு. வேலூரிலிருந்து சித்தூர் வழியாகத் திருப்பதி செல்லும் நெடுஞ்சாலை சந்திரகிரியைத் தொட்டுச் செல்வதால், அவர் கோட்டையைப் பார்த்துவிட்டே திருப்பதிக்குள் நுழையலாம். வேலூர்க் கோட்டையையும் அதே பயணத்தில் சேர்த்துக்கொண்டால், விஜயநகர அரசின் கடைசிக் கட்டத்தைப் பின்னிருந்து முன்னாகப் படித்தது போலாகும். சித்தூரில் தங்குவோர் அருகிலுள்ள காணிப்பாக்கம் விநாயகர் கோயிலையும் காலையிலேயே முடித்துவிடலாம். சென்னையிலிருந்து வருபவர் சப்தகிரி விரைவு வண்டியிலோ பேருந்திலோ திருப்பதி வந்து இறங்கி, ஆந்திர அரசுப் பேருந்து நிலையத்தில் சித்தூர், பீலேரு, மதனப்பள்ளி செல்லும் பேருந்துகளில் ஏறிச் சந்திரகிரியில் இறங்கலாம். திருப்பதி–பாகாலா–காட்பாடி ரயில் பாதையில் சந்திரகிரிக்கு நிலையம் உண்டு, ஆனால் அங்கு நிற்கும் வண்டிகள் குறைவு. ஊரிலிருந்து கோட்டைவரை ஆட்டோ கிடைக்கும். திரும்பும் ஆட்டோவை அப்போதே பேசி வைத்துக்கொள்வது நல்லது. பேருந்துப் பலகைகள் தெலுங்கில் இருந்தாலும் மொழிச் சிக்கல் பெரிதாக எழுவதில்லை. 1911 வரை வடஆற்காடு மாவட்டத்தோடு சேர்ந்திருந்த இப்பகுதியில் கடைக்காரரும் ஓட்டுநரும் தமிழைப் புரிந்துகொள்கின்றனர், பலர் பேசவும் செய்கின்றனர்.

கோட்டையை அறிந்து செல்லுதல்

இக்கோட்டை கி.பி. 1000 வாக்கில் இம்மடி நரசிம்ம யாதவராயரால் எழுப்பப்பட்டது என்பது வழங்கிவரும் மரபுச் செய்தி. யாதவராயர் என்போர் சோழருக்கு அடங்கி இந்தப் பகுதியை ஆண்ட குறுநில மரபினர். 14ஆம் நூற்றாண்டில் விஜயநகர ஆட்சிக்குள் வந்த பிறகு, சந்திரகிரி ஒரு ராஜ்யத்தின் தலைமையிடமாயிற்று. விஜயநகர ஆட்சிமுறையில் ராஜ்யம் என்பது தனி அரசைக் குறிக்காது, பேரரசின் மாகாணத்தையே குறிக்கும். அந்த மாகாணத்தின் தலைவராக இருந்த சாளுவ நரசிம்மர் 1485இல் பேரரசின் அரியணையையே கைப்பற்றினார். அவருடைய வலிமைக்கு இந்த மலையரணும், அருகிலேயே இருந்த திருமலைக் கோயிலோடு அவர் வளர்த்துக்கொண்ட உறவும் இரு தூண்களாக விளங்கின.

கிருஷ்ணதேவராயர் காலத்தில் கோட்டைக்கு வேறொரு பயன் இருந்தது. அவர் தம் தம்பியரையும் அண்ணன் மகனையும் சந்திரகிரிக் கோட்டையில் காவலில் வைத்ததாகப் போர்ச்சுக்கீசியக் குதிரை வணிகர் பெர்னாவோ நூனிஸ் எழுதியுள்ளார். அக்காவலில் இருந்தவருள் ஒருவரான அச்சுததேவராயர் 1529இல் பேரரசரானார். ஒரே கோட்டை ஒருவருக்கு அரியணைக்கு ஏறும் படியாகவும் மற்றவருக்குச் சிறையாகவும் இருந்தது என்பதை மனத்தில் கொண்டு அதன் சுவர்களைப் பார்த்தால், அவை யாரை வெளியே நிறுத்த எழுப்பப்பட்டன, யாரை உள்ளே நிறுத்தப் பயன்பட்டன என்ற இரண்டு கேள்விகளும் சேர்ந்தே எழும்.

ஆரவீடு மரபைச் சேர்ந்த இரண்டாம் வேங்கடபதி 1592 வாக்கில் தலைநகரைப் பெனுகொண்டாவிலிருந்து இங்கு மாற்றினார். சேசு சபைப் பாதிரிமார் 1598இல் அவரது அவைக்கு வந்தனர். பின்னர் தலைநகர் வேலூருக்குப் பெயர்ந்த பிறகும் சந்திரகிரி அரச இருக்கைகளுள் ஒன்றாக நீடித்து, 1646இல் கோல்கொண்டா சுல்தானின் படையிடம் வீழ்ந்தது. ஆற்காடு நவாபின் கையிலிருந்து 1782இல் ஹைதர் அலியிடம் சென்றது.

சென்னைக்காரர்களுக்கு உள்ளூர் வழிகாட்டிகள் தவறாமல் சொல்லும் செய்தி ஒன்றுண்டு: சென்னை நகரம் உருவாகக் காரணமான பத்திரம் ராஜ மகாலில்தான் எழுதிக் கொடுக்கப்பட்டது என்பது அது. 1639 ஆகஸ்ட் 22 தேதியிட்ட மானியத்தைக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சிஸ் டேக்கு வழங்கியவர் அப்பகுதியின் தலைவரான தாமர்ல வெங்கடாத்ரி நாயக்கர். அவருக்கு மேலே அரசராக இருந்தவர் சந்திரகிரியின் மூன்றாம் வேங்கடபதி. அவருக்குப் பின் வந்த ஸ்ரீரங்கராயர் 1645இல் கம்பெனிக்குத் தம் பெயரில் உரிமை அளித்தார். ஆகவே சென்னையின் பிறப்பில் சந்திரகிரி அரசுக்குப் பங்குண்டு என்பது உறுதி. குறிப்பிட்ட மண்டபத்தைக் காட்டி இங்கேதான் கையெழுத்தானது என்று சொல்லப்படுவதை மட்டும் மரபுக் கதையாகக் கேட்டுக்கொள்ளலாம்.

கோட்டைக்குள் ஒரு முற்பகல்

சந்திரகிரி இரண்டு அடுக்குக் கோட்டை. மலையின் தென்னடிவாரத்தில் மதிலும் அகழியும் சூழ்ந்த கீழ்க்கோட்டையும், ஏறத்தாழ 180 மீட்டர் உயரப் பாறைக்குன்றின் மீது மேற்கோட்டையும் உள்ளன. வடநூலார் கிரிதுர்கம் என்றும் தமிழ் நூலார் மலையரண் என்றும் குறிக்கும் வகையைச் சேர்ந்தது மேற்கோட்டை. முற்றுகை நேர்ந்தால் கடைசிப் புகலிடம் அது. கீழ்க்கோட்டையின் மதில், ஆள் உயரத்தை ஒத்த பெருங்கற்களை ஒன்றோடொன்று பொருத்தி அடுக்கிய பெருங்கல் கட்டு முறையில் அமைந்தது. இன்கா மதில்களைப் படங்களில் கண்டவர் இங்கே சற்று நின்று ஒப்பிடலாம்: அங்கே கல்லின் விளிம்புகள் கத்தி நுழையாதபடி இழைக்கப்பட்டிருக்கும், இங்கே கல்லின் பருமனும் எடையுமே மதிலைத் தாங்குகின்றன.

மதிலைக் கடந்து உள்ளே சென்றதும் புல்வெளிக்கு நடுவே தோன்றும் மூன்றடுக்குக் கட்டடமே ராஜ மகால். இந்த இடத்தில் அவசரப்படக்கூடாது. ஹம்பிக்குச் சென்றவர் அரண்மனைகள் இருந்த இடத்தில் கல் மேடைகளை மட்டுமே கண்டிருப்பார். அவற்றின் மேற்பகுதி மரத்தாலானது என்பதால் அழிந்துபோயிற்று. ராஜ மகாலோ கல், செங்கல், சுண்ணாம்புக் காரை ஆகியவற்றால் மட்டும், மரமே இன்றிக் கட்டப்பட்டது. தளங்களை உத்தரங்கள் தாங்கவில்லை. வளைவுகளும் வளைகூரைகளுமே தாங்குகின்றன. விஜயநகர அரண்மனை ஒன்றின் மாடிகளில் ஏறி நிற்கும் வாய்ப்பு இந்தக் கட்டுமானத் தேர்வால்தான் கிட்டியிருக்கிறது. முகப்பு முழுவதும் வரிசையாகச் செல்லும் கூர்வளைவுகள் தக்காணத்துச் சுல்தானியக் கட்டடக் கலையிலிருந்து வந்தவை. உச்சியில் நிற்கும் சிறு விமானங்களோ தென்னாட்டுக் கோயில் மரபைச் சேர்ந்தவை. தலைக்கோட்டையில் சுல்தான்களிடம் தோற்ற அரச குலம், தன் அரண்மனையை அவர்களுடைய வளைவுகளாலேயே அழகுபடுத்திக்கொண்டது என்பது போர்க்கள வரலாறு மட்டும் படித்தவருக்கு வியப்பாக இருக்கும். இந்த மகாலைக் கலைவரலாற்று ஆய்வாளர் ஆரவீடு மரபின் காலத்தோடு சேர்த்தே பேசுவதால், கிருஷ்ணதேவராயர் இங்கேதான் தங்கினார் என்ற வழிகாட்டியின் கூற்றையும் ஆராய்ந்தே ஏற்க வேண்டும்.

மகாலுக்குள் இந்தியத் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் காலை 10 முதல் மாலை 5 மணி வரை இயங்குகிறது. குடிமல்லம், கண்டிகோட்டா, யாகண்டி முதலிய இடங்களைச் சேர்ந்த சிற்பங்களும் உலோகத் திருமேனிகளும் ஆயுதங்களும் இங்கு உள்ளன. கீழ்த்தளத்தின் சிற்பங்களை விரைவாகப் பார்த்தாலும், நடுவிலுள்ள அரசவைக் கூடத்தில் சிறிது நேரம் நிற்பது தகும். இரண்டு தளங்களின் உயரத்துக்கு எழும் அந்தக் கூடத்தில், மேலிருந்து கீழே நடப்பதைப் பார்ப்பதற்கென அமைந்த மாடங்கள் அரசவை எவ்வாறு நடந்திருக்கும் என்பதைப் பலகைகளை விடத் தெளிவாகச் சொல்கின்றன.

அருகிலுள்ள ராணி மகால் இரண்டடுக்கு உடையது. பெயரைக் கொண்டு அரசியரின் இருப்பிடம் என்று முடிவு செய்ய வேண்டியதில்லை. அது படைத்தலைவரின் இருப்பிடமாக இருந்திருக்கலாம், கீழ்த்தளம் குதிரை லாயமாகப் பயன்பட்டிருக்கலாம் என்ற கருத்தும் உண்டு. சைவ, வைணவக் கோயில்களாக எட்டுச் சிதைந்த கோயில்கள் கோட்டைக்குள் சிதறிக் கிடக்கின்றன. மகாலின் பின்புறமுள்ள குளத்தையும் படிக்கிணற்றையும் பார்க்காமல் திரும்பக் கூடாது. மலையரணின் உயிர் நீரில் இருப்பதால், எந்தக் கோட்டையிலும் முதலில் தேட வேண்டியவை அவையே.

மேற்கோட்டைக்கு ஏறும் வழி கீழ்ப்பகுதியைப் போலப் பராமரிக்கப்படுவதில்லை. முட்புதரும் சறுக்குப் பாறையும் மிகுந்தது. தொல்லியல் துறைப் பணியாளரிடம் கேட்டு, அவர்கள் அனுமதிக்கும் நாளில், அனுமதிக்கும் எல்லைவரை மட்டும், தனியாக இன்றிச் செல்ல வேண்டும். மழை பெய்த மறுநாள் ஏறவே கூடாது. கோட்டைக்குள் முறையான உணவகம் இல்லாததால், தலைக்கு இரண்டு லிட்டர் குடிநீர் கொண்டுசெல்வதும், மதிய உணவை ஊருக்குள் வந்து கொள்வதும் உசிதம். தமிழர் களி என்று அறிந்ததை இங்கே ராகி சங்கடி என்ற பெயரில் நாட்டுக்கோழிக் குழம்போடு பரிமாறுவர். மறுநாள் படியேற்றத்தை விரதமாகக் கருதுவோர் இதன் சைவ வடிவத்தை வேர்க்கடலைச் சட்னியோடு கேட்டுப் பெறலாம். மாலையில் ஆந்திரச் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ஒலி-ஒளிக் காட்சி நடைபெறும் நாள்களில் அதற்காகக் காத்திருக்கலாம். காட்சி உண்டா என்பதைப் பகலிலேயே கேட்டுத் தெரிந்துகொண்டு, இல்லையெனில் ஸ்ரீநிவாச மங்காபுரத்துக்குச் செல்ல வேண்டும். அங்குள்ள கல்யாண வேங்கடேசுவரர் கோயில் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. படிவழிக்குச் செல்லும் பாதையும் அவ்வூரை ஒட்டியே பிரிகிறது.

இரண்டாம் நாள்: படிகள்

திருமலைக்கு நடந்து ஏற இரண்டு வழிகள் உள்ளன. அலிபிரியிலிருந்து செல்வது ஏறத்தாழ 9 கிலோமீட்டர் நீளமும் 3,550 படிகளும் கொண்டது. முழங்கால் முறிச்சான் என்று தமிழர் பெயரிட்ட செங்குத்தான பகுதி அந்த வழியில்தான் உள்ளது. ஸ்ரீவாரி மெட்டோ 2.1 கிலோமீட்டர்தான், 2,388 படிகள். தொலைவு குறைவு என்பதால் எளிது என்று எண்ணிவிடக் கூடாது. அலிபிரி வழியில் இடையிடையே சமதளம் வந்து மூச்சு வாங்க இடம் தரும், இங்கோ தொடக்கம் முதல் முடிவு வரை ஏற்றம்தான். நடைப் பழக்கம் உள்ளவர் ஒன்றரை மணி நேரத்தில் ஏறிவிடுவர். மற்றவர் இரண்டரை மணி நேரம் ஒதுக்கிக்கொள்ளலாம். இதயநோய், மூட்டுவலி உள்ளவர்கள் மருத்துவரைக் கேளாமல் இவ்வழியைத் தேர்ந்தெடுக்கலாகாது. திருமலையின் உயரம் சுமார் 850 மீட்டர் என்பதால் மூச்சுக் காற்றுக் குறைவு என்ற பேச்சே இல்லை. களைப்பைத் தருவது படியின் உயரமும் வியர்வையும்தான்.

சந்திரகிரிக் கோட்டையில் தங்கிய விஜயநகர அரசர்கள் திருமலைக்கு இவ்வழியாகவே சென்றனர் என்று கூறப்படுகிறது. கோட்டையிலிருந்து மலைக்குள்ள மிக அருகிய ஏற்றம் இதுவே என்பதால் அது இயல்பானதே. கிருஷ்ணதேவராயர் திருமலைக்கு ஏழு முறை வந்து பொன்னும் மணியும் வழங்கினார். அவரும் திருமலா தேவி, சின்னா தேவி ஆகிய இரு தேவியரும் கைகூப்பி நிற்கும் உலோக உருவங்கள் இன்றும் திருமலைக் கோயிலின் நுழைவாயிலை அடுத்த மண்டபத்தில் உள்ளன. முதல் நாள் கோட்டையைப் பார்த்தவர், மறுநாள் வரிசையில் நகரும்போது வலப்பக்கமாக அவற்றைத் தேடினால் தவறவிட மாட்டார். கோயிலின் சுவர்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் உள்ளன. பெரும்பாலானவை தமிழில் அமைந்தவை. பல்லவ குலத்தைச் சேர்ந்த சாமவை என்னும் பெண்மணி 966இல் வெள்ளித் திருமேனி ஒன்றை வழங்கிய செய்தி அவற்றுள் புகழ்பெற்றது. தொல்காப்பியப் பாயிரம் தமிழ்நிலத்தின் வடவெல்லையாக வேங்கடத்தைக் குறிப்பதைப் பள்ளியில் படித்தவருக்கு, எல்லை என்பது இங்கு கோடாக இல்லாமல் இருமொழியும் கலந்த மலைச்சரிவாக இருப்பது நேரில் தெரியும்.

படிவழி பொதுவாகக் காலை 6 மணியளவில் திறக்கப்பட்டு மாலையில் மூடப்படும். திறந்தவுடன் ஏறத் தொடங்குவதே சிறந்தது. பெரும்பாலோர் வெறுங்காலோடு ஏறுவதால், வெயில் ஏறிய பிறகு கல் சுடும். உடைமைகளைத் தேவஸ்தானம் அடிவாரத்தில் பெற்றுக்கொண்டு, கட்டணமின்றி மேலே கொண்டுவந்து தருகிறது; பெறும் சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும், கைபேசியையும் மருந்தையும் மூட்டையில் போட்டுவிடக் கூடாது. தரிசனத்துக்கு ஆண்கள் வேட்டியும் பெண்கள் புடவை அல்லது துப்பட்டாவுடன் கூடிய சுடிதாரும் அணிய வேண்டும் என்ற விதி இருப்பதால், மாற்றுடையை மேலே அனுப்பும் மூட்டையில் வைப்பது பொருத்தம்.

வழியின் இருபுறமும் சேஷாசலக் காடு. 2010இல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்ட இதில் சிறுத்தைகள் உண்டு. 2023 ஆகஸ்டில் அலிபிரி வழியில் ஒரு சிறுமியைச் சிறுத்தை கொன்றதையடுத்து, குழந்தைகளை அழைத்துவருவோருக்கு நேரக் கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. நடந்து செல்வோருக்குக் கைத்தடியும் வழங்கப்பட்டது. குழந்தைகளை முன்னே ஓடவிடாமல் கைப்பிடிக்குள் வைத்துக்கொள்வதும், கூட்டமாகச் செல்வதும், குரங்குகளுக்குத் தின்பண்டம் போடாதிருப்பதும் அவசியம். படியை விட்டு விலகிக் காட்டுக்குள் செல்வது விலங்குகளால் மட்டும் ஆபத்தன்று. செம்மரக் கடத்தலைத் தடுக்கும் படையினர் சுற்றிவரும் காடு இது. 2015 ஏப்ரல் 7 அன்று சந்திரகிரியை அடுத்த சேஷாசலக் காட்டில் தமிழ்நாட்டைச் சேர்ந்த தொழிலாளர் 20 பேர் காவல் படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டதைத் தமிழ் வாசகர் மறந்திருக்க மாட்டார்கள். குறுக்குவழி காட்டுவதாக யார் அழைத்தாலும் மறுத்துவிட வேண்டும்.

பாறையில் ஆர்வமுள்ளவர் இறங்கும்போது மலைச்சாலைப் பேருந்தின் சன்னலோர இருக்கையைக் கேட்டு வாங்கலாம். 1944இல் முதல் மலைச்சாலை திறக்கப்பட்ட இம்மலையின் சரிவில், அடியிலுள்ள கருங்கல் பாறைக்கும் அதன்மேல் கிடைமட்டமாகப் படிந்த குவார்ட்சைட் என்னும் இறுகிய மணற்பாறைக்கும் இடையே தெளிவான கோடு தென்படும். இரண்டு பாறைகளுக்கும் இடைப்பட்ட காலம் ஏறத்தாழ 80 கோடி ஆண்டுகள் எனப் புவியியலார் கணிக்கின்றனர். இவ்வாறு நடுவில் நீண்ட காலம் விடுபட்டுப் படிந்த பாறை அமைப்புக்கு அவர்கள் இடும் பெயர் ஒவ்வாமைத் தளம். திருமலையிலுள்ள சிலாதோரணம் என்னும் இயற்கைக் கல்வளைவும் அதே குவார்ட்சைட்டால் ஆனது. தரிசனத்துக்கு முன் நேரமிருந்தால் கோயிலிலிருந்து நடந்தே சென்று பார்த்துவிடலாம்.

சொந்த வாகனத்தில் வருபவர் ஒன்றைக் கணக்கில் கொள்ள வேண்டும். ஸ்ரீவாரி மெட்டின் அடிவாரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு ஏறினால், இறங்கும் பேருந்து அவரைத் திருப்பதி நகரில் கொண்டுவந்து விடும். அங்கிருந்து வண்டியை எடுக்க மீண்டும் 15 கிலோமீட்டர் அளவு ஆட்டோவில் செல்ல நேரும். வண்டியைத் திருப்பதியில் தங்குமிடத்திலேயே விட்டுவிட்டு, விடியற்காலையில் ஆட்டோவிலோ பேருந்திலோ அடிவாரம் சேர்வதே இந்த அலைச்சலைத் தவிர்க்கும் வழி. மூன்றாம் நாளும் கையிலிருந்தால், அந்த வண்டியிலேயே ரேணிகுண்டாவுக்கு அப்பாலுள்ள குடிமல்லம் சென்று, இந்தியாவின் மிகப் பழைய லிங்கங்களுள் ஒன்றாகக் கருதப்படும் பரசுராமேசுவரரைக் கண்டு, முற்பகலுக்குள் சென்னைச் சாலையைப் பிடித்துவிடலாம்.